மணவயதும் மகப்பேறும்: தென்னார்க்காடு தரும் ஒரு நூற்றாண்டுப் பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஓரிரவு திண்டிவனத்தில் நிகழ்ந்ததைத் தமிழகத்தின் மருத்துவ வரலாற்றை எழுதியோர் பலரும் குறிப்பிட்டுள்ளனர். அமெரிக்க மிஷன் மருத்துவரான ஜான் ஸ்கடரின் இல்லக் கதவை அவ்விரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக வந்து தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் இந்து. மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். வந்தவர்கள் மருத்துவரை நாடவில்லை. அவருடைய மகள் ஐடாவையே அழைத்தனர். நோயுற்ற தாய்க்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அந்த இளம்பெண், தாம் மருத்துவம் கற்றவரல்லர் என்றும், தம் தந்தையை உடனழைத்துச் செல்லலாம் என்றும் கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு மூவருமே இணங்கவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று வீடுகளிலும் சாவு. இறந்த மூவரும் இளம்வயதினர்.

ஐடா ஸ்கடர் பின்னர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தோற்றக் கதையாகவே நாம் இந்நிகழ்ச்சியை அறிந்திருக்கிறோம். மாண்டுபோன மூன்று பெண்களைப் பற்றி அக்கதையில் அதற்குமேல் பேச்சில்லை. திண்டிவனம் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகர் கடலூர். எனவே இது நம்மூர்க் கதை. அம்மூவருள் ஒருத்தி நம் சமுதாயப் பெண் என்பதால், நாம் பதில் சொல்லியாக வேண்டிய கதையுமாகும்.

அவ்விரவில் இரு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. உடல் முதிருமுன் கருவுறுதல் ஒன்று. உற்ற நேரத்தில் மருத்துவம் கிட்டாமை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மார்க்கத்தைக் காரணம் காட்டும் வழக்கம் அன்றும் இருந்தது; இன்றும் முற்றாக மறையவில்லை. மார்க்க நூல்கள் உண்மையில் என்ன கூறுகின்றன, சமூகம் அவற்றை எவ்வாறு பயன்படுத்திற்று என்பதைத் தென்னார்க்காட்டு மண்ணிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபிக்ஹ் நூல்கள் கூறுவது

முதலில் மருத்துவம். தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், அந்நியர் பார்வை பற்றிய விதிகளைக் கடுமையாகவே வரையறுக்கிறது. ஆயினும் இரத்தம் எடுத்தல், சிகிச்சை ஆகிய தேவைகளுக்காகப் பார்ப்பதும் தொடுவதும் ஆகும் என்று அதே இடத்திலேயே அனுமதியையும் தருகிறது. பெண் மருத்துவர் இருப்பின் அவரையே நாடவேண்டும். இல்லையெனில் ஆண் மருத்துவர், தேவையின் அளவுக்குப் பார்க்கலாம். மதரஸாவில் நான்காண்டு ஓதிய மாணவரும் அறிந்த சட்டம் இது. திண்டிவனத்து முஸ்லிம் கணவர் மார்க்கத்தைக் காத்ததாக எண்ணியிருக்கக்கூடும். மார்க்கமோ அவ்விரவில் அவருடைய மனைவியின் பக்கம் நின்றது. அதை அவருக்கு எடுத்துரைக்க அருகில் ஒருவரும் இல்லாமற் போனதே அவலம்.

அடுத்து மணவயது. அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசுகையில் ‘நிகாஹின் பருவம்’ என்றொரு நிலையைக் குறிப்பிடுகிறது. அப்பருவத்தை அடைந்தபின் அவர்களிடம் ‘ருஷ்து’ என்னும் பகுத்தறியும் முதிர்ச்சி தென்படுகிறதா எனச் சோதித்த பின்னரே சொத்தை ஒப்படைக்குமாறு அது பணிக்கிறது. சில காசுகளை ஒப்படைக்கவே முதிர்ச்சியைச் சோதிக்கவேண்டும் எனில், ஒரு வாழ்நாளையே ஒப்படைக்கும் திருமணத்துக்கு எத்துணை முதிர்ச்சி வேண்டும் என்பது சிந்தித்தற்குரியது.

சட்ட அறிஞர்களின் நிலையை மறைக்காமற் கூறுதல் வேண்டும். பூப்பெய்தாத பெண்ணைத் தந்தை மணமுடித்துக் கொடுப்பது செல்லும் என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்தாகும். ஆயினும் அக்கருத்தைச் சுற்றி அவர்கள் எழுப்பிய வேலிகளை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த அதிகாரம் தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனாருக்கும் மட்டுமே உரியது. அவ்விருவரையும் இழந்த அநாதைச் சிறுமியைச் சகோதரனோ சிறிய தந்தையோ மணமுடித்துக் கொடுக்க இயலாது. அவள் பருவமடைந்து தன் சம்மதத்தைத் தரும்வரை காத்திருக்கவேண்டும். ஹனஃபீ மத்ஹப் பிற காப்பாளருக்கும் அவ்வுரிமையை அளித்தது. அதற்கு ஈடாக, பருவமடைந்ததும் அம்மணத்தை ஏற்கவோ மறுக்கவோ அப்பெண்ணுக்கு உரிமை தந்தது. ‘கியாருல் புலூஃக்’ என்பது அதன் பெயர். இரண்டாம் ஹிஜ்ரி நூற்றாண்டின் கூஃபா காழியான இப்னு ஷுப்ருமா (ரஹ்) இன்னும் ஒருபடி மேலே சென்று, சிறாரின் திருமணமே கூடாது என்று தீர்ப்புரைத்தார். அக்கருத்து நூல்களில் உறங்கிக் கிடக்கவில்லை. 1917இல் உதுமானியப் பேரரசு குடும்ப உரிமைச் சட்டத்தை இயற்றியபோது அதையே ஆதாரமாகக் கொண்டு, ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என மணவயதை வகுத்தது. இந்தியச் சட்டமன்றம் இத்துறையில் கைவைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கிலாஃபத்தின் தலைநகரில் நிகழ்ந்தது இது.

எல்லாவற்றினும் முக்கியமான வேலி வேறொன்றுள்ளது. நிகாஹ் ஒப்பந்தம் வேறு, மணப்பெண்ணைக் கணவனிடம் ஒப்படைத்தல் வேறு என்று ஃபிக்ஹ் நூல்கள் தெளிவாகப் பிரித்துள்ளன. இல்லறத்தைத் தாங்கும் உடல்நிலை இல்லாத சிறுமியையும் நோயுற்ற பெண்ணையும், அத்தடை நீங்கும்வரை ஒப்படைத்தல் ஆகாது என்பது மின்ஹாஜின் சட்டம். பெண்ணின் உடல் தாங்குமா என்னும் வினாவை இந்நூல்கள் எழுப்பியுள்ளன. அதை ஒப்பந்தத்தின் வினாவோடு அவை குழப்பவில்லை. குழப்பியவர்கள் நாம்.

ஹகீம்களின் எச்சரிக்கை

ஃபிக்ஹ் அறிஞர்கள் ஓரளவில் நிறுத்திய வினாவை இஸ்லாமிய மருத்துவ அறிஞர்கள் மேற்கொண்டு ஆராய்ந்தனர். பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அரீப் இப்னு ஸஅத், கருவின் உருவாக்கம், கருவுற்ற பெண்களின் பராமரிப்பு, பிறந்த குழந்தையின் பேணுதல் ஆகியவற்றுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். அதே ஸ்பெயினில் அறுவை மருத்துவத்தில் சிறந்து விளங்கிய அஸ்ஸஹ்ராவீ, சிக்கலான பேறுகளில் மருத்துவச்சி செய்யவேண்டுவனவற்றைத் தம் நூலில் விரிவாக விளக்கினார்.

இப்னு ஸீனா (இறப்பு 1037) தம் ‘அல்கானூன்’ நூலில் எழுதியிருப்பது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கருத்தரித்தலைத் தடுப்பது பற்றிய பகுதியில், எத்தகைய பெண்களுக்கு மருத்துவர் அதைச் செய்ய நேரிடும் என்று அவர் பட்டியலிடுகிறார். அப்பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்பவள், பேறுகாலத்தில் ஆபத்து நேருமென அஞ்சத்தக்க இளஞ்சிறுமி. சிறுநீர்ப்பை வலுவற்ற பெண்ணைப் பற்றிக் கூறுகையில், கருவின் பாரத்தால் அப்பை கிழிந்து, வாழ்நாள் முழுதும் சிறுநீரை அடக்க இயலாத நிலை ஏற்படலாம் என்றும் எச்சரிக்கிறார். இடுப்பெலும்பு முழுவளர்ச்சி பெறாத சிறுமியர் நீண்ட பேறுகால வேதனைக்குப் பின் அடையும் இக்கொடுமையை இன்றைய மகப்பேற்று மருத்துவமும் நன்கறியும். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் சிலவற்றில் ஏழைச் சிறுமியர் இன்றும் இதற்கு இரையாகின்றனர்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களும் ‘இஹ்யா’வில் கருத்தடை பற்றி ஆராய்கையில், பேறுகால ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காக்கும் எண்ணத்தைத் தவறற்ற நோக்கங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறார்கள். பெண்ணின் உடல்நலம் மார்க்கத்துக்கு வெளியே நிற்கும் ஒன்றன்று என்பதற்கு இவையெல்லாம் சான்று.

சட்டமன்றத்தில் நடந்த போர்

ஆங்கிலேய இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் மனைவியாயினும் 10 வயது நிரம்பாத பெண்ணுடன் உறவுகொள்வதைக் குற்றமாக்கியது. 1889இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்னும் சிறுமி கணவனின் செயலால் மாண்டாள். அதையொட்டி எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1891இல் அவ்வயது 12 ஆயிற்று. மணவயதையே வரையறுக்கும் சட்டம் 1929இல்தான் வந்தது. ஹர்பிலாஸ் சாரதா கொணர்ந்த அம்மசோதா பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என விதித்தது. 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மத்திய சட்டமன்றத்தில் அதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் எம்.கே. ஆச்சாரியார். அவர் அங்கே அமர்ந்திருந்தது தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களின் முஸ்லிமல்லாதார் தொகுதியின் பிரதிநிதியாக. சாத்திரத்தில் அரசு தலையிடலாகாது என்பது அவர் தரப்பு வாதம். மறுபுறம், ஷரீஅத்தில் அரசு தலையிடலாகாது என்று மௌலானா முஹம்மது அலீ உள்ளிட்ட தலைவர்களும் உலமாக்கள் பலரும் எதிர்த்தனர். முஹம்மது அலீ ஜின்னா மசோதாவை ஆதரித்தார். இத்தகைய தீங்குக்கு இறைவனின் அனுமதி இருக்குமெனத் தாம் நம்பவில்லை என்பது அவர் நிலைப்பாடு. சென்னை மேலவையிலோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1928இலேயே பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என மணவயதை உயர்த்தக் கோரும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். மருத்துவராக அவர் கண்ட பேறுகாலச் சாவுகளே அவருடைய வாதத்துக்கு வலிமை தந்தன.

உலமாக்களின் அச்சத்தை முற்றிலும் தவறெனத் தள்ளுதல் நேர்மையாகாது. அந்நிய அரசொன்று தனியார் சட்டத்தில் கைவைப்பதை இன்று நாமும் ஐயத்தோடுதான் நோக்குவோம். ஆனால் அவ்விவாதத்தில் இரு தரப்பு மார்க்கக் காவலரும் கையாண்ட சொற்களைப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. அரசின் அதிகாரம் பற்றிப் பேசினர். வேதத்தின் அதிகாரம் பற்றிப் பேசினர். சிறுமியின் உடல் பற்றிப் பேசவில்லை. இப்னு ஷுப்ருமாவின் தீர்ப்பையும் இப்னு ஸீனாவின் எச்சரிக்கையையும் நம்மவர் தாமாகவே முன்வைத்திருப்பின், அரசின் சட்டத்துக்கு முன்பே ஜமாஅத்தின் சட்டம் வந்திருக்கும். நிகழ்ந்தது வேறு. சட்டம் நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட ஆறு மாதங்களில் இந்தியாவெங்கும் சிறார் திருமணங்கள் அவசர அவசரமாக நடத்தப்பட்டன. மணமான சிறாரின் தொகை உயர்ந்ததை 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிற்று.

1939இல் வந்த முஸ்லிம் மணமுறிவுச் சட்டம், உலமாக்களின் முயற்சியும் சேர்ந்து உருவானது. 15 வயதுக்குமுன் தந்தையாலேயே மணமுடிக்கப்பட்ட பெண்ணும், இல்லறம் தொடங்காத நிலையில், 18 வயது நிரம்புமுன் அம்மணத்தை மறுக்கலாம் என்று அது கூறியது. கியாருல் புலூஃகின் எல்லையை விரித்த அச்சட்டம், நம் மரபுக்குள்ளிருந்தே சீர்திருத்தம் பிறக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெண்ணின் மணவயது 1949இல் 15 ஆகவும், 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் முந்தைய சட்டத்தை அகற்றித் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் வரையுள்ள கரையோர ஊர்கள் கலங்கிப்போயின. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசு ஓர் இல்லம் அமைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டிருந்தோர் மீண்டும் கருவுறும் பொருட்டு, மறு அறுவைக்கான செலவைத் தமிழக அரசே ஏற்றது. தாய்மையைப் பற்றிய அக்கறை அந்நாளில் இவ்வளவு நுட்பமாக இருந்தது. அதே வேளையில், பாதுகாப்பு என்னும் பெயரால் வளரிளம் பெண்களை விரைந்து மணமுடித்து அனுப்பும் போக்கும் கரையோரத்தில் தலைகாட்டியது. அதைக் கவனித்தோர் சிலரே.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூறவேண்டியுள்ளது. 2005ஆம் ஆண்டின் நடுவில் கரையோர ஊரொன்றிலிருந்து ஒருவர் என்னிடம் மஸ்அலா கேட்க வந்தார். அவருடைய தமையனாரை அலை கொண்டுசென்றிருந்தது. தமையனாரின் மகளுக்கு அப்போது வயது 15. ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். “ஹள்ரத், வாப்பா இல்லாத பிள்ளை. நல்ல இடம் வந்திருக்கு. நான் வலீயா நின்னு நிகாஹ் செஞ்சு வைக்கலாமா?” என்று கேட்டார். பாட்டனார் இருக்கிறாரா, பெண் பாலிகாகிவிட்டாளா, சம்மதம் கேட்டீர்களா என்று வினவினேன். பாட்டனார் இல்லை என்றும், பெண் பருவமடைந்தவள் என்றும், கேட்டபோது மௌனமாக இருந்தாள் என்றும் அவர் கூறினார். கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும் என்பது நூலில் உள்ள சட்டம். நிகாஹ் செல்லும் என்றேன்.

மறு ஆண்டு அவர் மீண்டும் வந்தார். அப்பெண் கருவுற்று ஏழாம் மாதத்தில் கைகால் வீங்கி, வலிப்புக் கண்டு, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருக்கிறாள். பெண் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அதற்குமுன் ஒருமுறையேனும் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றீர்களா என்று கேட்டேன். “வயசைக் கேப்பாங்களேன்னு பயந்து போகல ஹள்ரத்” என்றார்.

அவர் கேட்டதற்கு மட்டும் நான் விடையளித்திருந்தேன். ஒப்பந்தம் செல்லுமா என்பதே அவர் வினா. அப்பெண்ணின் உடல் தாங்குமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒப்படைத்தல் பற்றிய மின்ஹாஜின் சட்டத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் நான், அன்று அதை நினைவுகூரவில்லை. ஆறே மாதங்களுக்கு முன் தந்தையை அலைக்குக் கொடுத்த 15 வயதுச் சிறுமியின் மௌனம், சம்மதத்தின் மௌனமா துயரத்தின் மௌனமா என்றும் ஆராயவில்லை. நாட்டின் சட்டமும் அதைத் தடுத்திருந்தது. தந்தை தன் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்ததாக முறையிட்ட கன்சா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் மணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செல்லாததாக்கிய வரலாற்றை மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். நம்மிடம் முறையிட வாயற்ற பெண்ணின் வழக்கில் நம் நிலை என்ன?

இன்றைய தடை

திண்டிவனத்தின் அந்த இரவோடு ஒப்பிட்டால் இன்றைய தமிழகம் வேறோர் உலகம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை உள்ளது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985இல் தொடங்கியது இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. ஆயினும் அதே ஆய்வு, 20 முதல் 24 வயதுக்குட்பட்ட தமிழகப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள் என்கிறது. 15 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் தாயானவர்களோ கருவுற்றவர்களோ 6.3 விழுக்காட்டினர், இந்திய சராசரியான 6.8க்கும் இதற்கும் இடைவெளி பெரிதன்று.

மருத்துவமனை அருகில் வந்துவிட்டது. அதற்குள் நுழைய அச்சம் தடுக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாதவள் கருவுற்று வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும். 18 நிரம்பாத மனைவியுடன் உறவுகொள்வதும் குற்றமே என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இச்சட்டங்கள் சிறுமியரின் நன்மைக்காகவே பிறந்தவை. அவற்றின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் கணவன் சிறை செல்வான், குடும்பமானம் போகும் என்றஞ்சி, கருவுற்றவளை வீட்டுக்குள் மறைப்போரும் போலி மருத்துவரிடம் இட்டுச்செல்வோரும் உளர். கருக்கலைப்பு வேண்டி வரும் சிறுமி கேட்டுக்கொண்டால் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் காவல்துறைக்கு வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் வழங்கிய விளக்கம், ஊர்ப்புறங்களை இன்னும் சரிவர எட்டவில்லை. அரசின் உதவித் திட்டங்களும் இவளுக்கு எட்டாதவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கி, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்த மகப்பேறு உதவி, 19 வயது நிரம்பியோர்க்கே உரியது. இளவயது மணத்தை ஊக்குவிக்கலாகாது என்னும் விதி பொருத்தமானதே; எனினும் சத்துணவும் பரிசோதனையும் மிகுதியும் வேண்டிய இளந்தாய் அதனால் வெளியே நிற்கிறாள்.

பெரியோர்கள் தமக்குள் பொருதும்போது சிறுமி மறக்கப்படுதல் இன்றும் தொடர்கிறது. சிதம்பரத்தில் 2022இல் தீட்சிதர் குடும்பங்கள் சிலவற்றின்மீது குழந்தைத் திருமண வழக்குகள் பதிவாகிக் கைதுகளும் நிகழ்ந்தன. சிறுமியர் தடைசெய்யப்பட்ட முறையில் உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டதாக 2023இல் ஆளுநர் குற்றஞ்சாட்டினார். அரசு தரப்பு மறுத்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான பூசலாகவே அது பேசப்பட்டு முடிந்தது. பிறர் வீட்டுக் குறையைச் சுட்டி மகிழ இதைக் குறிப்பிடவில்லை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தபோது, நம்மிடையேயும் ஷரீஅத்துக்கு ஆபத்து என்னும் குரலே முதலில் எழுந்தது. 1929இன் எதிரொலி இரு தரப்பிலும் ஓயவில்லை.

ஜமாஅத்துகள் செய்யத்தக்கன

பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தர் ஒரு வலிமை மிக்க கருவி. பிறப்புச் சான்றைப் பார்த்து 18 வயது நிரம்பியதை உறுதிசெய்த பின்னரே தஃப்தரை எடுக்கும் ஜமாஅத்துகள் தமிழகத்தில் பலவுள்ளன. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டமும் இதற்குத் துணைசெய்கிறது. எல்லா ஜமாஅத்துகளும் இதைக் கட்டாயமாக்குதல் வேண்டும். ஆகுமான ஒன்றைத் தீங்கு கருதிக் கட்டுப்படுத்த ஆட்சிப் பொறுப்பாளருக்கு உரிமையுண்டு என்னும் ஃபிக்ஹ் விதிப்படி இது மார்க்கத்துக்கு மாறானதன்று.

படிப்பு தொடரும் பெண்ணுக்கு மணம் தாமதமாகிறது என்பதை எல்லாச் சமூகங்களிலும் காண்கிறோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022இல் புதுமைப்பெண் என்னும் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டதன் கருத்தும் இதுவே. சிறுமியின் மணத்துக்கு ஸகாத் நிதியிலிருந்து உதவக் கோரி வரும் ஏழைத் தந்தைக்கு, அந்நிதியை அவளுடைய கல்விக்கு வழங்குவதாக ஜமாஅத் கூறலாம்.

தடுக்கத் தவறிய இடத்தில் வேறொரு கடமை உள்ளது. 18 நிரம்பாதவள் ஏற்கெனவே கருவுற்றிருந்தால் அவளை மறைத்தல் மானத்தைக் காப்பதாகாது. உயிரைப் பணயம் வைப்பதாகும். முதல் மாதங்களிலேயே அவளை மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும். ஜமாஅத்தைச் சார்ந்த பெண்மணி ஒருவர் துணையாகச் செல்லலாம். வழக்கு வந்தால் அதைப் பெரியவர்கள் எதிர்கொள்ளட்டும்.

அரபுக் கல்லூரி ஆசிரியர்களான எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நிகாஹின் பாடத்தை ஓதிக்கொடுக்கும் நாளில் இப்னு ஸீனாவின் அப்பகுதியையும் மாணவர்க்குப் படித்துக்காட்டுதல் வேண்டும். நாளை ஊர் ஊராக இமாமாகச் செல்லப்போகிறவர்கள் அவர்கள். என்னிடம் வந்தவரைப் போல் ஒருவர் அவர்களிடமும் வருவார். நிகாஹ் செல்லுமா என்று அவர் கேட்கும்போது, பெண்ணின் வயதையும் உடலையும் உள்ளத்தையும் பற்றி இவர்கள் திருப்பிக் கேட்கவேண்டும். அன்று நான் கேட்கத் தவறியது அது. அல்லாஹ் மன்னிப்பானாக.